மூன்று சுருட்டும் ஒரு நேர்த்தியும்

1862 செப்டம்பர் 13, சனிக்கிழமை. பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் இடையே அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தது. சிகாகோ நகரத் திருச்சபைகளின் சார்பில் போதகர்கள் வாஷிங்டனுக்கு வந்து ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனிடம் ஒரு மனுவைக் கொடுத்தார்கள். அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும், அதுவே கடவுளின் சித்தம் என்பது மனுவின் சாரம். லிங்கன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தமக்கே உரிய குறும்போடு பதில் சொன்னார். தம்மிடம் வருகிற பக்திமான்கள் எல்லோருமே கடவுளின் சித்தம் தங்களுக்குத் தெரியும் என்கிறார்கள். ஆனால் ஒருவர் சொல்வதற்கு நேர்மாறாக அடுத்தவர் சொல்கிறார். தம்முடைய கடமையைப் பற்றிய செய்தியைக் கடவுள் ஊரார் காதில் போடுவதாக இருந்தால், தம்மிடமே நேராகச் சொல்லியிருக்க மாட்டாரா என்று கேட்டார். இது அற்புதங்கள் நடக்கிற காலமில்லை, கண்முன் இருக்கிற நிலவரத்தை ஆராய்ந்துதான் முடிவெடுக்க வேண்டும் என்றார். தெற்கத்திய வீரர்கள் நம்மவர்களைவிட உருக்கமாக ஜெபிக்கிறார்களாமே என்று ஒரு குத்தலும் வைத்தார்.

அதே நாள். மேரிலாண்ட் மாநிலத்தில் ஃபிரெடரிக் ஊருக்கு வெளியே ஒரு வயலில் வடக்கின் 27ஆம் இந்தியானா படைப்பிரிவு இளைப்பாறிக்கொண்டிருந்தது. பார்ட்டன் மிட்செல் என்ற கார்ப்பரலின் கண்ணில் புல்லுக்குள் கிடந்த ஓர் உறை பட்டது. உள்ளே மூன்று சுருட்டுகள், அவற்றைச் சுற்றி ஒரு காகிதம். படைவீரனுக்குச் சுருட்டுதான் பெரிது. ஆனால் அந்தக் காகிதம், தெற்கின் தளபதி ராபர்ட் லீ நான்கு நாள் முன்பு பிறப்பித்த 191ஆம் எண் சிறப்பு ஆணையின் நகல். லீ தம் படையைப் பல துண்டுகளாகப் பிரித்திருக்கிறார் என்பதும், எந்தத் துண்டு எந்த ஊருக்குப் போகிறது என்பதும் அதில் இருந்தன. சில மணி நேரத்தில் அது வடபடைத் தளபதி ஜார்ஜ் மெக்கிளெல்லனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அற்புதங்களின் காலம் இதுவல்ல என்று லிங்கன் சொன்ன அன்றைக்கே புல்தரையில் இப்படி ஒன்று! பக்தியுள்ள எவருக்கும் இதைத் தற்செயல் என்று தள்ள மனம் வராது. அடுத்த பத்து நாட்களில் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் வராது. போரில் கடவுள் ஒரு பக்கம் நிற்கிறாரா, நின்றால் அதை மனிதர் எப்படி அறிவது என்ற கேள்வி மிகப் பழையது. அந்தப் பத்து நாட்கள் அதை லிங்கனின் கழுத்தைப் பிடித்துக் கேட்டன.

கிடைத்த புதையலை மெக்கிளெல்லன் என்ன செய்தார்? இதை வைத்தும் லீயை அடிக்க முடியாவிட்டால் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று மார்தட்டினார். பிறகு, வழக்கம்போல, யோசித்தார். படை முழு வேகத்தில் அசைய மறுநாள் விடிய வேண்டியிருந்தது. சிதறிக் கிடந்த தம் துண்டுகளை ஒன்றுசேர்க்க லீக்கு அந்தத் தாமதமே போதுமானதாயிற்று.

ஷார்ப்ஸ்பர்க் என்ற சிற்றூரை ஒட்டி ஆன்டீடம் என்றொரு ஓடை ஓடுகிறது. செப்டம்பர் 17, புதன்கிழமை விடியலில் அங்கே ஒரு மக்காச்சோளக் கொல்லையில் சண்டை மூண்டது. முற்பகலில் அது ஒரு பள்ளப் பாதைக்கு நகர்ந்தது. வண்டித் தடம் தேய்ந்து தேய்ந்து பள்ளமாகிப்போன அந்தப் பாதைக்கு அன்றுமுதல் இரத்தப் பாதை என்று பெயர். பிற்பகலில் ஓடையின் மீதிருந்த ஒரு கல்பாலத்துக்காக அடித்துக்கொண்டார்கள். பொழுது சாயும்போது இரு தரப்பிலும் இறந்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 23,000 பேர். அவர்களில் 3,600க்கு மேற்பட்டோர் களத்திலேயே மாண்டவர்கள். அமெரிக்கப் படை வரலாற்றில் ஒரே நாளில் இவ்வளவு இழப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சுருட்டைக் கண்டெடுத்த மிட்செலும் அந்தச் சோளக்கொல்லையில் குண்டடி பட்டார். ஆறு ஆண்டு முடிவதற்குள் இறந்தும்போனார். அந்தக் காகிதம் தெய்வத்தின் கொடை என்றால், அதைக் கொண்டுவந்து சேர்த்தவனைத் தெய்வம் காக்கவில்லை.

மெக்கிளெல்லனிடம் லீயைப்போல ஏறக்குறைய இரு மடங்கு படை இருந்தது. ஆயிரக்கணக்கானோரைக் கடைசிவரை இறக்காமல் ஒதுக்கியே வைத்திருந்தார். மறுநாள் முழுக்க லீ இடத்தைவிட்டு நகராமல் எதிரே நின்றார், தாக்குதல் வரவில்லை. 18ஆம் தேதி இரவு பொட்டோமாக் ஆற்றைக் கடந்து வர்ஜீனியாவுக்குத் திரும்பிவிட்டார். வென்றது யார்? களத்தை மட்டும் பார்த்தால் சமன். பின்வாங்கியது யார் என்று பார்த்தால் வடக்கின் வெற்றி.

செப்டம்பர் 22, திங்கள். அமைச்சரவை கூடியது. லிங்கன் முதலில் ஆர்ட்டிமஸ் வார்டு என்ற நகைச்சுவை எழுத்தாளரின் துணுக்கு ஒன்றை வாசித்துக் காட்டினார். போர் அமைச்சர் ஸ்டான்டனைத் தவிர மற்றவர்கள் ரசித்தார்கள் என்று நிதியமைச்சர் சேஸ் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு லிங்கன் குரலை மாற்றிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். லீயின் படை மேரிலாண்டைவிட்டு விரட்டப்பட்டால் அடிமை விடுதலை அறிக்கையை வெளியிடுவேன் என்று தமக்குத்தாமே வாக்குக் கொடுத்திருந்ததாகச் சொன்னார். சற்றே தயங்கி, தம்மைப் படைத்தவனுக்கும் அந்த வாக்கைக் கொடுத்ததாகச் சேர்த்துக்கொண்டார். கடற்படை அமைச்சர் வெல்ஸின் நாட்குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது: வெற்றி கிடைத்தால் அதையே தெய்வ சித்தத்தின் அடையாளமாகக் கொள்வது என்று லிங்கன் உடன்படிக்கை செய்திருந்தாராம், அடிமைகளுக்குச் சாதகமாகக் கடவுள் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்றாராம். இது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம் என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

தமிழ் வாசகருக்கு இதில் விசித்திரம் ஒன்றுமில்லை. காரியம் முடிந்தால் இன்னது செய்கிறேன் என்று நேர்ந்துகொள்வது உண்டு. சன்னிதியில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் கட்டிப்போட்டு, எடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து உத்தரவு வாங்குவதும் உண்டு. லிங்கன் இரண்டையும் ஒன்றாகச் செய்தார். வெற்றி தந்தால் விடுதலை தருகிறேன் என்பது நேர்த்தி. வெற்றி வந்தால் அதுவே உன் உத்தரவு என்பது பூ. இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராகச் சேராதவர். இளமையில் மதநம்பிக்கை அற்றவர் என்று பெயர் எடுத்து, தேர்தலில் அதற்கு விளக்கம் கொடுக்க நேர்ந்தவர். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் பதினோரு வயது மகன் வில்லியைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்தார்.

பொட்டலத்தைப் பிரித்தால் பூவின் நிறம் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும். ஆன்டீடத்தில் அது தெரியவில்லை. லீ தப்பிவிட்டார், அவருடைய படை உயிரோடிருந்தது, போர் இன்னும் இரண்டரை ஆண்டு நடக்கவிருந்தது. இதை வெற்றி என்று எடுத்துக்கொள்வதா, கைநழுவிய வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வதா? தீர்மானித்தது வானம் அல்ல, லிங்கன். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அறிக்கையின் வரைவை ஜூலை 22 அன்றே அமைச்சர்களிடம் காட்டியிருந்தார். தோல்விமேல் தோல்வி வரும் நேரத்தில் வெளியிட்டால் கையாலாகாதவனின் கூக்குரலாகத் தெரியும், ஒரு வெற்றி வரட்டும் என்று வெளியுறவு அமைச்சர் சீவர்டு சொன்ன யோசனையின் பேரில்தான் அது மேசைக்குள் போனது. ஆக, வெற்றிக்குக் காத்திருப்பது முதலில் அரசியல் கணக்கு. அதன்மேல் வந்து உட்கார்ந்ததுதான் நேர்த்தி.

இதைப் போலித்தனம் என்று சொல்லிவிட முடியாது. கடவுளின் குறிப்பைத் தேடும் எவரும், ஏற்கெனவே பாதி முடிவெடுத்துவிட்ட விஷயத்தில்தான் குறிப்பைத் தேடுகிறார். கேள்வி, அப்படிக் கிடைத்த குறிப்பை வைத்துக்கொண்டு பிறகு என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது. கடவுள் சொன்னார், நான் செய்தேன் என்று பொறுப்பைக் கைகழுவுகிறாரா? லிங்கன் கழுவவில்லை. வெளியான அறிக்கையை அவர் படைத்தலைவன் என்ற முறையில், போர்க்காலத் தேவை என்று சட்ட மொழியில்தான் நியாயப்படுத்தினார். நேர்த்தி அமைச்சரவை அறையைத் தாண்டவில்லை.

அவர் தமக்கு மட்டும் எழுதி வைத்த ஒரு சிறு குறிப்பு பிற்காலத்தில் கிடைத்தது. அவருடைய செயலாளர் ஜான் ஹே அதைப் பாதுகாத்து வைத்திருந்தார். தேதி இல்லை, இதே செப்டம்பரில் எழுதியது என்று பலர் கருதுகிறார்கள். பெரிய போர்களில் இரு தரப்பும் கடவுளின் சித்தப்படி நடப்பதாகச் சொல்கின்றன; இருவரும் தவறாக இருக்கலாம், ஒருவராவது தவறாக இருந்தே ஆக வேண்டும் என்று வழக்கறிஞரின் தர்க்கத்தோடு தொடங்குகிறார். பிறகு தர்க்கம் எதிர்பாராத இடத்துக்குப் போகிறது. கடவுளின் நோக்கம் இரு தரப்பின் நோக்கத்திலிருந்தும் வேறாக இருக்கலாம். நினைத்திருந்தால் மனிதச் சண்டையே இல்லாமல் ஒன்றியத்தைக் காத்திருக்கவோ அழித்திருக்கவோ அவரால் முடியும். ஆனாலும் சண்டை தொடங்கியது. எந்த நாளும் எவருக்கும் வெற்றியைக் கொடுத்து முடித்துவிடலாம், ஆனாலும் தொடர்கிறது. போரில் ஈடுபட்ட நாட்டின் தலைவன், கடவுள் நம் பக்கம் இல்லாமலும் இருக்கலாம் என்று ராத்திரி உட்கார்ந்து எழுதுவது சாதாரண விஷயமல்ல.

எதிர்ப்பக்கத்தில் இந்தச் சந்தேகம் இல்லை. தெற்கு தன் அரசியலமைப்பின் முகப்பிலேயே கடவுளின் துணையை வேண்டியிருந்தது. வடக்கின் பழைய அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. ஆன்டீடத்தில் லீயின் இடப்பக்கத்தைக் காத்த ஸ்டோன்வால் ஜாக்சன் தீவிரமான பிரஸ்பிட்டேரியன். இரண்டு நாள் முன்பு ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் பன்னிரண்டாயிரம் பேரைச் சரணடைய வைத்தபோது, வெற்றிச் செய்தியைக் கடவுளின் ஆசியிலிருந்தே தொடங்கினார். படுக்கையில் இருப்பதும் போர்க்களத்தில் இருப்பதும் தமக்கு ஒன்றுதான், சாகும் நேரம் குறிக்கப்பட்டுவிட்டது என்பார். கறுப்பினத்தவருக்கு ஞாயிறு வேதபாட வகுப்பு நடத்தியவரும் அவரே. அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரும் அவரே. எட்டு மாதம் கழித்து இருட்டில் சொந்தப் படையினரே அவரைத் தவறுதலாகச் சுட்டார்கள். தெற்கத்திய போதகர்கள் அதற்கும் விளக்கம் கண்டுபிடித்தார்கள்: ஒரு மனிதனை நாம் அளவுக்கு மீறிக் கொண்டாடியதால் கடவுள் எடுத்துக்கொண்டார்.

வென்றால் ஆசி, தோற்றால் சோதனை. எந்த முடிவு வந்தாலும் பொய்க்காத நம்பிக்கை எதையும் தெரிவிப்பதில்லை. விடுதலைக்கு ஆதரவாக ஆன்டீடத்தை வைத்துக் கட்டப்படும் தெய்வச் சங்கிலிக்கும் இது பொருந்தும். சுருட்டைப் புல்லில் போட்டது கடவுள் என்றால், மெக்கிளெல்லனுக்குத் தயக்கத்தைக் கொடுத்ததும் அவர்தான். அந்தத் தளபதி அடிமை விடுதலைக்கு எதிரானவர். ஜூலையிலேயே லிங்கனுக்கு அப்படிக் கடிதம் எழுதியவர். 1864 தேர்தலில் லிங்கனை எதிர்த்தே நின்றவர். தம்மைக் கடவுள் பெரும் பணிக்குத் தேர்ந்தெடுத்ததாக மனைவிக்கு எழுதிக்கொண்டிருந்தார். தேர்ந்தெடுத்திருந்தால், அவர் வெறுத்த காரியத்துக்குத்தான். இந்த முரணைச் சிலர் ரசித்துச் சொல்வார்கள்: முன்பே தெற்கின் தலைநகரான ரிச்மண்டைப் பிடித்திருந்தால் அடிமை முறை அப்படியே இருக்க நாடு ஒன்றுசேர்ந்திருக்கும், ஆகவே அவருடைய மந்தமும் ஏற்பாடுதான் என்று. சொல்வது எளிது. சோளக்கொல்லையில் செத்தவர்கள் அந்த ஏற்பாட்டில் வெறும் செலவுக் கணக்காகிவிடுகிறார்கள் என்பதைத்தான் சொல்வதில்லை.

போர்க்களத்தின் நடுவில் ஒரு கோயில் இருந்தது. வெள்ளையடித்த செங்கல் கட்டடம், கோபுரம் கிடையாது. கோபுரம் அகந்தையின் அடையாளம் என்று நினைத்தவர்கள் கட்டியது. பல வீரர்கள் அதைப் பள்ளிக்கூடம் என்றே எண்ணினார்கள். 1708இல் ஜெர்மனியில் தோன்றிய ஒரு சிறு சபையினரின் ஆலயம் அது. ஞானஸ்நானத்தின்போது மூன்று முறை தண்ணீரில் முக்குவதால் அவர்களை டங்கர்கள் என்று ஊரார் அழைத்தார்கள். ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை, அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை. மெதடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் அடிமை விஷயத்தில் 1844, 45லேயே வடக்கு தெற்கு என்று பிளந்துபோனார்கள்; நாடு உடைவதற்கு முன்பே கோயில் உடைந்துவிட்டது. டங்கர்கள் உடையவில்லை. செப்டம்பர் 14, ஞாயிறு ஆராதனையின்போது சவுத் மவுண்டன் பக்கமிருந்து பீரங்கிச் சத்தம் அவர்கள் காதில் விழுந்தது. மூன்று நாள் கழித்து வடக்கின் தாக்குதலுக்குக் குறி வைக்கும் அடையாளமாகியிருந்தது அந்த வெள்ளைக் கட்டடம்தான்.

அந்த ஆலயத்துக்கு நிலம் கொடுத்தவர் சாமுவேல் மம்மா. அவருடைய வீட்டையும் களஞ்சியத்தையும் தென்படை கொளுத்தியது. எதிரிகள் உள்ளே ஒளிந்து சுடக் கூடாதாம். போர் முடிந்து இழப்பீடு கேட்டபோது, கொளுத்தியது எதிரிப்படை, எங்கள் படை அல்ல என்று அரசு கைவிரித்தது. வர்ஜீனியாவில் இருந்த மூப்பர் ஜான் க்ளைன், சபைக் கூட்டங்களுக்காக இரு தரப்பின் எல்லையையும் மாறி மாறிக் கடந்தவர். சந்தேகப்பட்ட தெற்கத்திய ஆட்கள் 1864 ஜூனில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஷார்ப்ஸ்பர்க் ஆலயத்து வேதாகமத்தை நியூயார்க் படைப்பிரிவைச் சேர்ந்த ஒரு சார்ஜெண்ட் எடுத்துப் போய்விட்டார். அது 1903இல்தான் திரும்பி வந்தது. வர வழி செய்தவர் எல்மைராவில் வாழ்ந்த ஜான் லூயிஸ்: மேரிலாண்டில் பிறந்த கறுப்பினத்தவர், மார்க் ட்வைனின் நண்பர், டங்கர்.

இவர்கள் நேர்ந்துகொள்ளவும் இல்லை, குறிப்புக் கேட்கவும் இல்லை. கொல்லாதே என்றால் கொல்லாதே, அவ்வளவுதான். படிப்பவருக்கு இவர்கள்மேல் மரியாதை வராமல் போகாது. ஆனால் இவர்கள் சரி என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் முடியவில்லை. அடிமை முறையை அவர்கள் வெறுத்தார்கள். அது ஜெபத்தால் ஒழியவில்லை, துப்பாக்கியால் ஒழிந்தது. இந்தச் சங்கடத்தை லிங்கன் தெளிவாகப் பார்த்தார். போரை எதிர்க்கும் இன்னொரு சபையான குவேக்கர்களைச் சேர்ந்த எலைசா கர்னிக்கு 1864 செப்டம்பரில் எழுதிய கடிதத்தில், போர், கொடுமை இரண்டையுமே எதிர்க்கும் உங்களுக்குக் கொடுமையைப் போரால் மட்டுமே எதிர்க்க முடிகிற நிலை வந்துவிட்டதே என்று அனுதாபப்படுகிறார். மனச்சாட்சியின் பேரில் தம்மிடம் முறையிட்டவர்களுக்குச் சட்டத்துக்கு உட்பட்டுத் தம்மால் ஆனதைச் செய்ததாகவும் சொல்கிறார். அவரிடம் தீர்வு இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

1865 மார்ச் 4 அன்று இரண்டாம் முறை பதவியேற்றபோது அந்த ராத்திரிக் குறிப்பு சுமார் 700 சொற்களில் பொதுப்பேச்சாயிற்று. இரு தரப்பும் ஒரே வேதத்தைப் படித்து ஒரே கடவுளை வேண்டின. இரண்டு வேண்டுதலும் பலிக்க வழியில்லை, எதுவும் முழுதாகப் பலிக்கவும் இல்லை என்றார். வெற்றி வாசலில் நிற்கும்போது வெற்றியைக் கொண்டாடாமல், அடிமை முறை வடக்கும் தெற்கும் சேர்ந்து செய்த பாவம், போர் இருவருக்கும் வந்த தண்டனை என்றார். பேச்சு உடனே எல்லோருக்கும் பிடித்துவிடாது என்று அவருக்கே தெரியும். கடவுளின் நோக்கமும் நம் நோக்கமும் வேறு என்று காட்டினால் மனிதர் மகிழ்வதில்லை என்று அதே மாதம் ஒரு கடிதத்தில் எழுதினார். நான்கு ஆண்டுப் போர் அந்த மனிதரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் அது. நேர்த்திக்காரரின் பேரத்தைவிட இது உயர்ந்தது என்பதில் ஐயமில்லை.

ஒரு குறை உண்டு. அவர் இரண்டு வேண்டுதல்களைத்தான் எண்ணினார். மூன்றாவது ஒன்று இருந்தது. பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக, எஜமானுக்குக் கேட்காத இடத்தில் கூடி, எகிப்திலிருந்து மீட்கப்பட்ட இஸ்ரவேலரின் கதையைத் தங்கள் கதையாக வேண்டிக்கொண்ட நாற்பது லட்சம் பேரின் வேண்டுதல். 1862 டிசம்பர் 31 இரவு கறுப்பினத்தவரின் ஆலயங்களில் கண்விழித்து, அறிக்கை நடைமுறைக்கு வரும் விடியலுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். கடவுள் எந்தப் பக்கம் என்ற கேள்வியில் அவர்களுக்குக் குழப்பமே இருந்ததில்லை. அந்தப் போரில் முழுதாகப் பலித்தது என்று ஏதாவது ஒரு ஜெபத்தைச் சொல்லலாம் என்றால் அது அவர்களுடையதுதான். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே நாளில் பலிக்கவில்லை.

ஷார்ப்ஸ்பர்க்கிலேயே பலிக்கவில்லை. விடுதலை அறிக்கை, கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். மேரிலாண்ட் வடக்கோடு நின்ற அடிமை மாநிலம். ஆகவே அறிக்கைக்குக் காரணமான போர் நடந்த மண்ணை அந்த அறிக்கை தொடவில்லை. இரத்தப் பாதையை அடுத்திருந்த பைப்பர் பண்ணையிலும், கல்பாலத்தருகே இருந்த ஓட்டோ பண்ணையிலும் அடிமைகள் இருந்தார்கள். பிணங்களைப் புதைத்து முடித்த பின்னும் அவர்கள் அடிமைகளாகவே வேலைக்குப் போனார்கள். 1864 அக்டோபரில் அந்த மாநிலம் அடிமை முறையை ஒழிக்கும் புதிய அரசியலமைப்பை வாக்கெடுப்புக்கு விட்டது. ஊரில் விழுந்த வாக்குகளில் அது தோற்றது. முகாம்களிலிருந்து வந்த படைவீரர்களின் வாக்குகள் கணக்கை மாற்றின. ஆதரவு 30,174, எதிர்ப்பு 29,799. ஆன்டீடக் கரையில் இருந்த அடிமைகள் நவம்பர் 1 அன்று விடுதலையானது, 375 வாக்கு வித்தியாசத்தில்.